சொகுசு காரோடு சர்வீஸையும் கொடுங்கள், ஆயில் மாற்றும் கெடுவை மட்டும் நீட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சொகுசு கார் நிறுவனங்கள் புதுக் காரோடு முதல் சில வருட சர்வீஸையும் கட்டணம் இல்லாமல் தர வேண்டுமா என்று உங்கள் வாசகர் பக்கத்தில் சில நாட்களாக எழுதி வருகிறார்கள். எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தக் கார்களை வைத்திருப்பவர்கள். நான் அந்தக் கார்களைப் பிரித்து வேலை பார்ப்பவன். கோவையில் ஒரு டீலரிடம் டெக்னீஷியனாகச் சேர்ந்து, அப்புறம் பல வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்துவிட்டு, இப்போது கணபதியில் சொந்தமாகப் பட்டறை நடத்துகிறேன். என்னிடம் வருவதில் முக்கால்வாசி வாரண்டி முடிந்த ஆடி, பென்ஸ், பிஎம்டபிள்யூ வண்டிகள்.

கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. கம்பெனியே சர்வீஸ் செய்து கொடுத்தால் முதல் மூன்று நான்கு வருடம் எந்த வண்டியும் என் பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்காது. அது தெரிந்தேதான் சொல்கிறேன். ஆனால் எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதை யாரும் எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. சர்வீஸுக்கு யார் பணம் கட்டுகிறாரோ அவர்தான் ஆயிலை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்கிறார். வண்டிக்காரர் கட்டினால் தள்ளிப் போடுகிறார். கம்பெனி கட்டினால் கெடுவை நீட்டுகிறது. இரண்டிலும் அடிபடுவது இன்ஜின்தான்.

முதலில் வண்டிக்காரர் கட்டும் கதையைப் பார்ப்போம். இன்று நம் ஊரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். சாதாரணக் காருக்கு முதல் மூன்று சர்வீஸ் இலவசம் என்பார்கள். லேபர்தான் இலவசம், ஆயிலுக்கும் ஃபில்டருக்கும் பணம் கட்ட வேண்டும். அது எல்லோருக்கும் பழகிப்போன ஏற்பாடு, பில்லும் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். சொகுசு காரில் அப்படி இல்லை. டெலிவரி எடுக்கும் வாரத்தில் ஷோரூம் மேஜையில் ஒரு பட்டியலை நீட்டுவார்கள். இன்சூரன்ஸ், எக்ஸ்டென்டட் வாரண்டி, பெயின்ட் மேல் பூசும் செராமிக் கோட்டிங், டயர் பாதுகாப்புத் திட்டம், அதோடு சர்வீஸ் பேக்கேஜ், அதாவது பல வருட சர்வீஸுக்கு முன்கூட்டியே கட்டும் பணம். பிஎம்டபிள்யூவில் மூன்று வருடம் 40,000 கி.மீ.யில் தொடங்கி பத்து வருடம் 2,00,000 கி.மீ. வரை பேக்கேஜ் இருக்கிறது. மற்றவர்களிடமும் இதே மாதிரி உண்டு. அந்தப் பட்டியலில் வண்டியின் ஆயுளுக்கு உண்மையிலேயே வேண்டியது சர்வீஸ் பேக்கேஜ். அதையும் செராமிக் கோட்டிங்கையும் ஒரே வரிசையில் ஒரே எழுத்தில் அச்சடித்து வைத்தால் வாங்குகிறவருக்கு எப்படி வித்தியாசம் தெரியும்?

அந்த நேரத்தில் அவர் மனநிலையையும் பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். அதற்கு மேல் நம் மாநிலத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். 60 லட்ச ரூபாய் காருக்கு வாழ்நாள் வரி மட்டும் 12 லட்சம். அதில் ஒரு சின்னக் காரே வாங்கிவிடலாம். இவ்வளவும் கட்டி முடித்தவரிடம் இன்னும் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் என்று கேட்டால், "அப்புறம் பார்த்துக்கலாங்க" என்றுதான் சொல்வார். அவர் மேல் தப்பே இல்லை.

அப்புறம் என்ன நடக்கிறது? முதல் வருட சர்வீஸுக்கு ஒழுங்காக வருவார். இரண்டாம் வருடம் பில்லைப் பார்த்ததும் முகம் மாறும். இரண்டு லிட்டர் டர்போ இன்ஜினுக்கு ஐந்து, ஆறு லிட்டர் சிந்தடிக் ஆயில் ஊற்ற வேண்டும். அதுவும் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு ஆயில் ஆகாது. பென்ஸுக்கு 229.5 அல்லது 229.51, ஆடிக்கு 504, 507, பிஎம்டபிள்யூவுக்கு லாங்லைஃப் என்று கம்பெனி ஒப்புதல் பெற்ற ஆயில்தான் வேண்டும். அதோடு ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், பிரேக் ஆயில், ஸ்பார்க் பிளக் என்று வரிசையாக வரும். பிரேக் பேடும் டிஸ்க்கும் சேர்ந்துவிட்டால் பெரிய வண்டியில் லட்சத்தைத் தாண்டும். மூன்றாம் வருடம் வண்டி வராது. போன் செய்தால், "வண்டி அவ்வளவா ஓடலைங்க, வீட்லயேதான் நிக்குது" என்பார்கள். நான் அட்வைசராக இருந்தபோது அதிகம் கேட்ட பதில் இதுதான்.

கொஞ்ச தூரமே ஓடி நிற்கிற வண்டிக்குத்தான் ஆயில் சீக்கிரம் கெடும். இதை எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். ஆர்.எஸ்.புரம் வீட்டிலிருந்து அவிநாசி ரோடு ஆபீஸுக்கு ஐந்து கிலோமீட்டர். ஏசி போட்டு ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போகும். இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். அந்தச் சூடு ஏறினால்தான் ஆயிலில் கலந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிப் போகும். ஏறாவிட்டால் உள்ளேயே தங்கி ஆயிலை நீர்க்க வைக்கும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த டீசல் வண்டிகளில் இது இன்னும் மோசம். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டரைச் சுத்தம் செய்ய வண்டியே கூடுதல் டீசலைப் பீய்ச்சி எரிக்கும். நெடுஞ்சாலையில் ஓட்டினால் அந்த வேலை முழுதாக முடியும். ஊருக்குள் ஐந்தாவது நிமிடத்தில் சாவியை அணைத்தால் பாதியில் நிற்கும், எரியாத டீசல் ஆயிலில் போய்ச் சேரும். டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) இருக்கிற வண்டியில் ஆயில் மட்டம் ஏறியிருப்பதையே பார்த்திருக்கிறேன். ஆயில் குறைந்தால் பயப்படுகிறவர்கள், கூடினால் சந்தோஷப்படுகிறார்கள்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்காரர் நான்கு வருடம் ஓடிய ஜெர்மன் செடான் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். பெயின்ட் கண்ணாடி மாதிரி இருந்தது, உள்ளே சீட் புதுசு போல. கிலோமீட்டரும் குறைவு. வாங்கிய சில மாதத்தில், காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கம் கடகடவென்று சத்தம். என்னிடம் கொண்டுவந்தார். வால்வ் கவரைக் கழற்றினேன். உள்ளே எல்லாம் கறுப்புக் களிம்பு. ஆயில் போகிற சின்ன ஓட்டைகள் அடைத்து, டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கு அழுத்தம் போகவில்லை. டர்போவும் கெட்டுக்கொண்டிருந்தது. சர்வீஸ் ரெக்கார்டை எடுத்துப் பார்த்தோம். முதல் உரிமையாளர் பேக்கேஜ் எடுக்கவில்லை. முதல் வருடம் ஆயில் மாற்றியிருக்கிறார். அதற்கப்புறம் வண்டியை விற்கும் சமயத்தில் ஒன்று. இடையில் ஒன்றும் கிடையாது. பனியன்காரருக்கு ஆன செலவில் அந்த நான்கு வருடத்துக்கும் ஒழுங்காகப் பேக்கேஜ் எடுத்து மிச்சமும் வைத்திருக்கலாம். பணம் மிச்சம் பிடித்தவர் ஒருவர், செலவழித்தவர் வேறொருவர். பனியன்காரர் என் பட்டறை வாசலில் உட்கார்ந்து, "நான் என்னங்க பண்ணேன்?" என்று கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதனால்தான் சர்வீஸை வாங்குபவர் விருப்பத்துக்கு விடக்கூடாது, காரோடு சேர்த்தே கொடுக்க வேண்டும் என்கிறேன். முதல் உரிமையாளர் மூன்று, நான்கு வருடத்தில் அடுத்த மாடலுக்குப் போய்விடுகிறார். இன்ஜின் என்ன ஆகும் என்ற கவலை அவருக்கு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அந்த வண்டி பதினைந்து வருடம் ரோட்டில் ஓட வேண்டியது.

என் வாடிக்கையாளர்களில் சிலரின் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். "அங்கெல்லாம் ஆயில் சர்வீஸ் சும்மா பண்ணித் தர்றாங்களாமே, இங்க மட்டும் ஏன் இல்லை?" என்று என்னிடம் வந்து கேட்பார்கள். அங்கே கொடுப்பது உண்மைதான், எல்லோரும் கொடுப்பதில்லை. பிஎம்டபிள்யூ நீண்ட காலம் நான்கு வருடம் அல்லது 50,000 மைல் வரை எல்லா சர்வீஸையும் காரோடு சேர்த்துக் கொடுத்தது. பிரேக் பேடு, டிஸ்க், வைப்பர் எல்லாம் அதில் அடக்கம். வால்வோவும் ஜெனிசிஸும் மூன்று வருடம் கொடுத்திருக்கின்றன. 2016 மாடலிலிருந்து ஜாகுவார் ஐந்து வருடம் கொடுக்க முன்வந்தது. லெக்சஸ் முதல் இரண்டு சர்வீஸோடு நிறுத்திக்கொள்ளும். பென்ஸ் அங்கேயும் பேக்கேஜாகத்தான் விற்கிறது. ஆனால் டொயோட்டா தன் சாதாரணக் காருக்கே இரண்டு வருடம் அல்லது 25,000 மைல் கொடுக்கிறது! அந்த விலையில் அவர்களால் முடிந்தால், அதைப் போல மூன்று மடங்கு விலை வாங்குகிறவர்களால் முடியாதா?

அங்கே கொடுப்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. சொகுசு கார்களில் பெரும் பங்கு அங்கே லீஸில் போகிறது. மூன்று வருடம் கழித்து வண்டி கம்பெனிக்கே திரும்பி வரும். அதை அவர்களே சான்று கொடுத்துப் பழைய காராக விற்க வேண்டும். தங்கள் சரக்கைத் தாங்களே பராமரித்துக்கொள்கிறார்கள். நம் ஊரில் பெரும்பாலானோர் சொந்தமாக வாங்குகிறோம், வண்டி கம்பெனிக்குத் திரும்புவதில்லை என்பார்கள். அது முழு உண்மை இல்லை. ஆடி, பிஎம்டபிள்யூ, பென்ஸ் மூன்றுமே இங்கும் சான்றளித்த பழைய கார்களைத் தங்கள் பெயரிலேயே விற்கின்றன. எக்ஸ்சேஞ்சில் வருகிற வண்டிகள் அவர்கள் கைக்குத்தான் போகின்றன. நல்ல சர்வீஸ் ரெக்கார்டு உள்ள வண்டியால் அவர்களுக்கும் லாபம்தான்.

இனி கம்பெனி பணம் கட்டும் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இலவச சர்வீஸ் கேட்பது ஆபத்து.

அதே பிஎம்டபிள்யூ அமெரிக்காவில் தானே செலவைச் சுமந்த காலத்தில், ஆயில் மாற்றும் கெடு 15,000 மைல் வரை போனது. கிட்டத்தட்ட 24,000 கி.மீ. பிறகு 10,000 மைலாகக் குறைத்தார்கள். 2017 மாடலிலிருந்து இலவச சர்வீஸையே மூன்று வருடம் அல்லது 36,000 மைலாகச் சுருக்கினார்கள். பிரேக் பேடும் வைப்பரும் பட்டியலிலிருந்து போயின. இரண்டாவது உரிமையாளருக்கு அந்தச் சலுகை போகாது என்ற நிபந்தனையும் வந்தது. சட்டப்படி இதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு மெக்கானிக்காகப் பார்க்கும்போது எனக்குப் புரிவது இதுதான்: செலவு தன் கணக்கில் இருக்கும்வரை எந்தக் கம்பெனிக்கும் அடிக்கடி ஆயில் மாற்ற மனசு வராது. மூன்று வருடம் தாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டால், இன்ஜின் மூன்று வருடம் தாங்கத்தான் செய்யும். களிம்பு ஐந்தாவது, ஆறாவது வருடத்தில்தான் பேசும்.

கியர்பாக்ஸ் ஆயில் இதைவிடத் தெளிவான உதாரணம். பிஎம்டபிள்யூ, ஜாகுவார், லேண்ட் ரோவர் ஆகியவற்றின் பல மாடல்களிலும் ஆடியின் சில மாடல்களிலும் இருப்பது இசட்எஃப் என்ற ஜெர்மன் கம்பெனியின் எட்டு கியர் ஆட்டோமேட்டிக். கார் கம்பெனிக்காரர்கள் பலர் அதன் ஆயில் ஆயுள் முழுக்கத் தாங்கும், மாற்றவே வேண்டாம் என்றார்கள். கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப்போ 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள், அதிகபட்சம் எட்டு வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் ஒன்று சொல்கிறான், விற்பவன் வேறொன்று சொல்கிறான். யார் பேச்சைக் கேட்பீர்கள்? நான் 80,000 கி.மீ.யில் மாற்றிவிடுகிறேன். அந்தப் பழைய ஆயிலை டப்பாவில் பிடித்துக் காட்டினால் வண்டிக்காரர் அதற்கப்புறம் கேள்வி கேட்பதில்லை.

எனவே இலவசம் கொடுக்கும்போது கெடுவை எழுத்தில் கொடுக்க வேண்டும். அதுவும் ஐரோப்பாவின் குளிரையும் காலி ரோட்டையும் வைத்துப் போட்ட கெடு நமக்கு வேண்டாம். இங்கே பொதுவாக 15,000 கி.மீ. அல்லது ஒரு வருடம் என்கிறார்கள். ஊருக்குள் மட்டும் ஓடும் டர்போ வண்டிக்கு அந்த 15,000 அதிகம் என்பது என் அனுபவம். ஏழெட்டாயிரத்தில் ஒருமுறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றினால் இன்ஜின் உள்ளே பித்தளை நிறத்தில் சுத்தமாக இருக்கும். ஒரு முழு சர்வீஸுக்கு நடுவில் ஒரு ஆயில் சர்வீஸை மட்டும் சேர்த்துக் கொடுத்தால் கம்பெனிக்கு ஆகும் கூடுதல் செலவு அந்தக் காரின் விலையில் ஒன்றுமே இல்லை.

எதெல்லாம் இலவசம் என்பதையும் ஊரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறி இறங்கும் வண்டிக்கு பிரேக் பேடு எவ்வளவு சீக்கிரம் தேயும் என்று இங்குள்ள எந்த டிரைவரைக் கேட்டாலும் சொல்வார். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது ஆயிலில் இருக்கும் ஈரம் கொதித்தால் பெடல் அப்படியே உள்ளே போய்விடும். சொகுசு கார், சாதாரணக் கார் என்று இதில் பேதமே கிடையாது. திருப்பூர் வண்டிகளில் ஏசி ஃபில்டரை உருவினால் பஞ்சு பஞ்சாக வரும். இதையெல்லாம் தேய்மானப் பொருள் என்று சொல்லி இலவசத்திலிருந்து தள்ளிவிட்டால், மிச்சம் இருப்பது ஆயிலும் ஒரு வாட்டர் வாஷும்தான்.

இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது, தூரம். கரூர், ஈரோடு, ஊட்டி, பொள்ளாச்சிக்காரர்கள் எல்லாம் சர்வீஸுக்குக் கோவைக்குத்தான் வருகிறார்கள். கரூரிலிருந்து ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறவருக்கு இலவச சர்வீஸ் என்றால் வண்டியை வீட்டிலிருந்தே எடுத்துப் போய்த் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் சேர்ந்ததாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சலுகை கோவை, சென்னைக்காரர்களுக்கு மட்டும்தான்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. சர்வீஸைச் சேர்த்துக் கொடுத்தால் ஷோரூம் விலையை ஏற்றிவிடுவார்களே என்று உங்கள் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. தனியாகச் செய்யும் சர்வீஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம்தான். அதே தொகையைக் காரின் விலைக்குள் ஏற்றினால் அதற்கும் 40 சதவீதம் விழும், அதன் மேல் வாழ்நாள் வரியும் வரும். அப்படிச் செய்தால் வாங்குபவருக்கு நஷ்டம், நான் அதை ஆதரிக்கவே மாட்டேன். ஆனால் விலையை ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. டிசம்பர் வந்தால் அந்த வருடத்து மாடலைத் தள்ளிவிட இதே ஷோரூம்கள் லட்சக்கணக்கில் தள்ளுபடி தருகின்றன. நான் உள்ளே இருந்து பார்த்திருக்கிறேன். பேரம் பேசத் தெரிந்தவருக்கு நிறையக் கிடைக்கும், தெரியாதவருக்கு ஒரு கால்மிதி மேட்டும் கீசெயினும். அந்தப் பணத்தை எல்லா வண்டிக்கும் பொதுவாக சர்வீஸில் போடட்டும்.

வெளிப் பட்டறைக்காரனாக எனக்கு ஒரு பயமும் இருக்கிறது. இலவச சர்வீஸைக் காரணமாக வைத்து வண்டியை ஆயுள் முழுக்கத் தங்களிடமே கட்டிப்போடப் பார்ப்பார்கள். 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பிஎம்டபிள்யூ, பென்ஸும் அந்தப் பட்டியலில் உண்டு. உதிரி பாகங்களையும் கோளாறைக் கண்டுபிடிக்கும் ஸ்கேனர் போன்ற கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. அதன்மேல் மேல்முறையீடுகள் நடந்தன. கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது, முழுதாகத் திறக்கவில்லை. இப்போது சர்வீஸ் புத்தகமே காகிதத்தில் கிடையாது, எல்லாம் கம்பெனி கம்ப்யூட்டரில். நான் ஒழுங்காக ஆயில் மாற்றினாலும் அதை அந்த ரெக்கார்டில் ஏற்ற முடியாமல் தவிக்கிறேன். இலவசக் காலம் முடிந்ததும் அந்த ரெக்கார்டின் முழுப் பிரதி வண்டிக்காரர் கைக்கு வர வேண்டும், வண்டி கைமாறினால் மிச்சமுள்ள சர்வீஸும் வண்டியோடு போக வேண்டும். ஆர்சி பெயர் மாறியதும் சலுகை ரத்து என்றால், இந்தத் திட்டம் யாரைக் காப்பாற்ற வேண்டுமோ அவரையே கைவிட்டுவிடும்.

புதுக் கார் புக் செய்யப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன் சேல்ஸ் பையனிடம் பேசி முடிக்காமல் சர்வீஸ் மேனேஜரைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆயில் எத்தனை கிலோமீட்டருக்கு, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுவீர்கள், கியர் ஆயில் எப்போது, பிரேக் பேடு உண்டா, நான் விற்றால் அடுத்தவருக்குப் போகுமா என்று கேளுங்கள். பதிலை ஆர்டர் பாரத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மழுப்பினால், அந்தப் பேக்கேஜில் என்ன இல்லை என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

கோவையிலும் சென்னையிலும் உள்ள டீலர்கள் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள், விளம்பரமும் கொடுக்கிறார்கள். இந்தக் கேள்விகளுக்கு அவர்களில் யாராவது எழுத்தில் பதில் அனுப்பினால், என் கடிதத்தைச் சுருக்கியாவது அந்தப் பதிலை முழுதாக வெளியிடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
கார் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.
(பெயர் வெளியிட வேண்டாம். முன்பு வேலை பார்த்த இடத்தில் நண்பர்கள் இன்னும் இருக்கிறார்கள்.)